சூரிய வம்சமும் சர்க்கார் பிரசாரமும்



கட்டுக்கதைக்கும் அரசியல் பிரசாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். பாட்டி குழந்தைக்குக் கதை சொல்லுகிறாள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தை தூங்கிவிட்டால் கதையும் முடிந்தது. ஆனால் அதே கதையைச் சர்க்கார் பாடப் புஸ்தகத்தில் அச்சடித்து, கேள்வி கேட்கிறவனுக்குப் போலீசையும் காட்டுமானால் அது கதையல்ல, பிரசாரமாகும். இதற்கு ஜப்பான் தேசத்தின் சரித்திரமே போதுமான அத்தாட்சி.

அந்நாட்டில் கி.பி. 712இலும் 720இலும் எழுதி முடிக்கப்பட்ட இரண்டு பழைய புஸ்தகங்கள் உண்டு. அரச குடும்பம் அமதெராசு என்னும் சூரிய தேவியின் வம்சம் என்பது அவற்றிலுள்ள கதை. முதல் அரசர் ஜிம்மு கி.மு. 660இல் பட்டமேறினார் என்று கணக்கும் கட்டி விட்டார்கள். இம்மாதிரிக் கதை இருப்பது அதிசயமல்ல. அதைக் கொண்டு என்ன காரியம் சாதித்தார்கள் என்பதே கவனிக்கத் தக்கது.

1868இல் அதிகாரத்துக்கு வந்த கூட்டத்தார் ரயில் போட்டார்கள், ஆலை வைத்தார்கள், பீரங்கி செய்தார்கள். கூடவே இந்தக் கதையையும் தூசி தட்டி எடுத்தார்கள். ஜிம்மு பட்டமேறிய நாள் என்று பிப்ரவரி 11ஐப் பண்டிகையாக்கினார்கள். மேலதிகாரியின் உத்தரவை அரசரே நேரில் இட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 1882இல் சிப்பாய்களுக்குக் கட்டளை பிறந்தது. அரசர் புனிதமானவர் என்று 1889ஆம் வருஷத்து அரசியல் சட்டம் சொல்லிற்று. 1890இல் கல்விக் கட்டளை வந்தது. அதையும் அரசர் படத்தையும் பள்ளிக்கூடங்களில் பூஜைப் பொருளாக வைத்தார்கள். தீப்பிடித்த காலத்தில் அந்தப் படத்தைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஆசிரியர்களும் உண்டு!

தோழர்களே! இதில் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். சூரிய தேவிக்கா? அரசர் கடவுள், தளபதியின் சொல் அரசர் சொல், ஆகவே தளபதியை எதிர்ப்பது தெய்வத் துரோகம்! இப்படிப்பட்ட வசதி எந்தத் தளபதிக்குக் கசக்கும்?

சரித்திரப் பேராசிரியர் சுடா சோகிச்சி என்பவர் பழைய புஸ்தகங்களை ஆராய்ந்து, அவற்றின் ஆரம்பப் பகுதி சரித்திரமாகாது, அரசாட்சிக்காகக் கட்டப்பட்டது என்று எழுதினார். 1940இல், 2600ஆவது ஆண்டு விழாவைச் சர்க்கார் தடபுடலாக நடத்திய அதே வருஷத்தில், அவர் நூல்களுக்குத் தடை போட்டார்கள். 1942இல் கோர்ட்டில் அவருக்குத் தண்டனையும் விதித்தார்கள். உண்மையான வம்சமாக இருந்தால் ஒரு வாத்தியாரின் பேனாவுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

கதையினால் ஒற்றுமையும் வீரமும் வரவில்லையா என்று சிலர் கேட்கலாம். வந்தது, எங்கே கொண்டு போய் விட்டது? 1274இலும் 1281இலும் மங்கோலியர் கப்பல்களைப் புயல் அடித்ததைத் தெய்வக் காற்று என்றார்கள். 1944இல் அந்தப் பெயரையே சூட்டி, வாலிபர்களை விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதிச் சாக அனுப்பினார்கள். தெய்வக் காற்று வீசவில்லை. 1945 ஆகஸ்டில் இரண்டு பட்டணங்களின் மேல் அணுகுண்டு விழுந்தது, ஜப்பான் சரணடைந்தது. அவ்வருஷமே பிள்ளைகள் தங்கள் பாடப் புஸ்தகத்து வரிகளைத் தாங்களே மை பூசி அழிக்க நேர்ந்தது. தம்மை மனித உருவிலுள்ள கடவுள் என்பது பொய்யான எண்ணம் என்று அரசரே 1946 ஜனவரி முதல் தேதி அறிக்கை விட்டார். கடவுளே வந்து "நான் கடவுளல்ல" என்று சொல்லியாயிற்று; ஆனால் செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

அத்தோடு கதை ஒழிந்ததா? 1948இல் எடுத்துவிட்ட பிப்ரவரி 11 பண்டிகை, 1966இல் வேறு பெயரோடு திரும்பி வந்தது. பொய் அம்பலமானதாலேயே செத்துவிடாது. அதனால் பிழைக்கிறவர்கள் இருக்கிற வரையில் அதுவும் இருக்கும்.

ஆகவே, எந்த அரசியல்வாதி பழம்பெருமை பேச வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் சொல்லுகிறான்? நம்பினால் யாருக்கு லாபம்? நம்பாதவனை என்ன செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிறை என்று பதில் வருமானால், முதலிரண்டுக்கும் பதில் தானே விளங்கும். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பி விடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறேன்.