ஹாஸ்டல் மேசைக்குப் பெயிண்ட் அடித்த கதை
(ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



"ரிட்டையர் ஆனப்புறம் என்ன செய்றீங்க, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்றார் செயலாளர். பழைய மர சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். எனவே அதைத்தான் பேச முடியும்.

ஆரம்பித்து வைத்தது நம் ஹாஸ்டல் மேசை. கழித்த சாமான்களை ஏலம் விட்டபோது ஒன்றை 150 ரூபாய்க்கு எடுத்தேன். மாமரப் பலகை. மேலே பச்சை பெயிண்ட், அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் நீலம். உற்சாகத்தில் கூடத்திலேயே போட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். தூள் பறக்கிறது. மூன்று வயதுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தூளில் விரலால் கோலம் போடுகிறாள். நான் அதை ரசித்துக்கொண்டிருக்கிறேன்!

மருமகள் வந்து பார்த்தாள். அவளும் நம் கல்லூரிதான், வேதியியல். "மாமா, முதல்ல நிறுத்துங்க" என்றாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மேசை, தொட்டில் எதையும் நம்ப முடியாது. பேத்திக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது.

அன்றிலிருந்து உலர்ந்த தேய்ப்பே கிடையாது. பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதை உரிக்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீரால் பிசுக்கு போகக் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து, பளபளப்பு மங்குகிற அளவுக்குத் தேய்த்தால் போதும். வேலை வீட்டுக்கு வெளியே. குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. வழிகிற சேற்றை ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிற சாமானா? வாங்காதீங்க.

நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் ஒரு கை, சந்தன நிற எனாமல் இரண்டு கை. இரண்டு நாள் காயவிட்டு, பிரவுன் எனாமலில் பாதிக்குப் பாதி டர்பன்டைனும் ஒரு ஸ்பூன் ஆளிவிதை எண்ணெயும் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே, பல்பல்லாக வெட்டிய கெட்டி அட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் மரத்தின் ரேகை போல வரி விழும். கை லேசாக நடுங்கட்டும். மரம் ஸ்கேல் வைத்து வளர்வதில்லையே! பிடிக்காவிட்டால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இதெல்லாம் சாதாரண மரத்துக்குத்தான். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். பொன்பழுப்பாக, தொட்டால் எண்ணெய்ப் பசையோடு, தோல் வாசனை வந்தால் அது தேக்கு. அதற்குப் பெயிண்ட் அடிப்பது பாவம். பாலிஷ் போடுங்கள்.

அந்த மேசையில்தான் இப்போது பேத்தி வீட்டுப்பாடம் எழுதுகிறாள். இழுப்பறையின் உட்பக்கத்தை மட்டும் நான் தொடவில்லை. அங்கே காம்பஸ் முனையால் 'சோடாபுட்டி, ரூம் 14' என்று கீறியிருக்கிறது. யாரென்று தெரிந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள். அந்தப் புண்ணியவானே வந்திருந்தால் இன்னும் நல்லது.