முப்பது வரை எண்ணுங்கள்

(தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத் தோட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் வெளியூரார்க்கு 1911-ஆம் ஆண்டில் தோன்றிய மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். எனக்கோ, விடியுமுன் பால்மரங்களுக்கிடையே அசைந்து செல்லும் நெற்றி விளக்குகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அவ்விளக்குகளுள் ஒன்று என் தாயாருடையது. ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் உளி பிடித்தவர்களின் இடுப்பு வலி மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை.

என் தாயார் ஐம்பது வயதை எட்டியபோது, தரையில் அமர்ந்தால் கைத்தாங்கலின்றி எழ இயலாது. “வெட்டுக்குப் போகிற உடம்பு அப்படித்தான் இருக்கும், ஐயா” என்பார். நாங்களும் அதனை விதியென்று ஏற்றுக்கொண்டோம். தென் தாய்லாந்தின் பால்மரத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவர்களுள் பாதிப் பேருக்கு மேல் இடுப்பு வலியால் வருந்துவதாகக் கூறுகிறது. தாழ்ந்த வெட்டுக்குக் குனிவது, உடலைத் திருகியவாறே மரத்தைச் சுற்றி வருவது, பால் வாளியைச் சுமப்பது என நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே அசைவு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அதனால் சில தசைகள் இறுகிப் போகின்றன. இறுகிய தசையைத் தளர்த்த நீட்டிப் பயில வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். எவ்வளவு நேரம் நீட்டி நிறுத்த வேண்டும் என்பதைத்தான் அறிவதில்லை.

இதில் நானே தவறு செய்தவன். ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், மாணவர்களைத் திடலில் நிறுத்தி, “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்று விரைவாக எண்ணி, கால்விரலைத் தொடுமாறு குனிந்து குனிந்து எழச் செய்தேன். வேர்வை சிந்தியதே தவிர, உடல் வளையவில்லை. திடீரென வெட்டி இழுக்கப்படும் தசை, தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். மெல்ல நீட்டி அசையாமல் நிறுத்தினாலோ, அந்த எதிர்ப்பு சிறிது சிறிதாக அடங்கும்.

அப்படியானால் எத்தனை விநாடிகள்? அமெரிக்க ஆய்வாளர்களான பேண்டியும் ஐரியனும் 1994-இல் இதனை அளந்து பார்த்தனர். தொடையின் பின்தசை இறுகியவர்களைப் பிரித்து, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களுக்கு, ஒரு பிரிவினரை 15 விநாடியும், ஒரு பிரிவினரை 30 விநாடியும், மற்றொரு பிரிவினரை 60 விநாடியும் நீட்டி நிறுத்தச் செய்தனர். 15 விநாடியைவிட 30 விநாடி மிகுந்த பயன் தந்தது. 60 விநாடி நிறுத்தியவர்களோ, 30 விநாடி நிறுத்தியவர்களைவிட மிகுதியாக எதனையும் பெறவில்லை. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 60 விநாடியே சிறந்ததாகத் தெரிந்தது. ஆகவே, நடுவயதினர் முப்பது வரை எண்ணுங்கள். மூத்தோர் அறுபது வரை எண்ணுங்கள்.

கடிகாரம் வேண்டியதில்லை. நிதானமாக ஆறு முறை மூச்சை இழுத்து விட்டால் ஏறக்குறைய முப்பது விநாடி ஆகிவிடும். மூச்சை அடக்கிக்கொள்ளக் கூடாது.

இனி, பயிற்சிகள் நான்கினைக் கூறுகிறேன்.

முதலாவது, தொடையின் பின்புறம். பலகையில் அமர்ந்து ஒரு காலை நீட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள்.

இரண்டாவது, கெண்டைக்கால். மரத்தில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் மண்ணை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள்.

மூன்றாவது, மார்பும் தோளும். வாசல் நிலையின் இருபுறமும் முன்கைகளை வைத்து ஓரடி முன்னே வாருங்கள்.

நான்காவது, உளி பிடிக்கும் கை. கையை நேரே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மறு கையால் விரல்களைக் கீழாக மெல்ல இழுங்கள். மற்றக் கைக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

ஒவ்வொன்றையும் முப்பது விநாடி வீதம் இரு முறை செய்தால் போதும். கால்களுக்கும் கைகளுக்கும் இருபுறமும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஏழு நிமிடங்களில் முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாளேனும் செய்ய வேண்டும். நாள்தோறும் செய்வது மிக நன்று.

எப்போது செய்வது? விடியற்காலைக் குளிரில், உடல் சூடேறாத நிலையில் நீட்டி நிறுத்துவது ஏற்றதன்று. அப்போது கைகளை வீசிச் சில நிமிடங்கள் விரைந்து நடங்கள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உடல் சூடாக இருக்கும். அதுவே உரிய நேரம்.

இழுப்பு தெரிய வேண்டும். வலி தெரியக் கூடாது. இதனை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் மிகுந்த பால் வேண்டுமென்று ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் போகும். பட்டையை மெல்லியதாகச் சீவி வருபவருக்கே மரம் ஆண்டுக்கணக்கில் பால் தரும். உடலும் அப்படியே. முதல் வாரங்களில் தசை உண்மையில் நீண்டு விடுவதில்லை. நீட்டலைப் பொறுத்துக்கொள்ள நரம்புகள் பழகுகின்றன. பயிற்சியை நிறுத்திவிட்டால், பெற்ற தளர்ச்சியும் மெல்ல மறைந்துவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். இது எல்லா வலிக்கும் மருந்தன்று. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ, அரசாங்க மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமற் போனாலோ, ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். வேலையின்போது இடுப்பில் அடிபட்டால், அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1971 முதல் இயங்கிவரும் சொக்சோவிடம் இழப்பீடு கோரும்போது அப்பதிவு துணை நிற்கும்.

என் தாயாருக்கு இவற்றைச் சொல்லித்தர அன்று நான் அறிந்திருக்கவில்லை. உங்கள் வீட்டுத் தாய்மார்களுக்கு நீங்கள் சொல்லித்தரலாம். இன்று மாலையே வாசலில் அவர்களுடன் நின்று, முப்பது வரை எண்ணுங்கள்.