தேய்ந்த தொடர்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"காலத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுகிறேன்" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவது மேடை மரபு. அம்மரபை இன்று மீறி, மெய்யாகவே சுருக்கமாகப் பேச விழைகின்றோம்.

நாள்தோறும் குத்திக் குத்தி எழுத்து மழுங்கிய ரப்பர் முத்திரையை அலுவலகங்களில் காணலாம். மை பதியும், படிக்க இயலாது. நம் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் தொடர்கள் பல இந்நிலையை அடைந்துவிட்டன.

"திட்டத்துக்கு அமைச்சர் பச்சைக்கொடி காட்டினார்" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இருப்புப்பாதையிலிருந்து சென்ற தொடர் அது. கார்டு என்னும் பதவிப்பெயர் 2022-இல் டிரெயின் மேனேஜர் என மாறிற்று. கொடியின் பொருள் மாறவில்லை. வண்டி புறப்படலாம் என்று தம் பொறுப்பில் தெளிந்த பின்னரே அவர் கொடியை உயர்த்துகின்றார். ஏட்டில் அசையும் கொடியில் அப்பொறுப்பு எங்கே? அவ்வாறே, பேச்சுவார்த்தை "தடம் புரண்டது" என்று எளிதாக எழுதுகின்றனர். வண்டி தடம் புரள்வது எத்தகைய பேரிடர் என்பதை எண்ணுவார் இலர்.

இவற்றினும் வருந்தத்தக்கது இரங்கல் தீர்மானம். மறைந்தவர் எவராயினும் "ஈடு செய்ய இயலாத இழப்பு" என்பதே வாசகம். பெயர் மட்டும் மாறும். மாலைதோறும் அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் அதே வரி. நள்ளிரவில் பிறர்க்காக மருத்துவமனைக்கு ஓடியவருக்கும் அதே வரி. அவர் செய்ததை ஒரே வாக்கியத்தில் உள்ளபடி எழுதினால், அவர்தம் மக்கள் அத்தாளைப் பேணி வைப்பர்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தார். வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். நம் மேடைகளுக்கும் அவை பொருந்தும்.

பழமொழியே கூடாது என்பது நம் கருத்தன்று. உரலையும் மத்தளத்தையும் கண்டவனுக்கு, ஒருபக்க இடியும் இருபக்க இடியும் உடனே விளங்கும். மிக்சி ஓசையில் வளரும் குழந்தைக்கு அப்பொருளைக் காட்டிவிட்டுப் பழமொழியைச் சொல்லுதல் நம் கடமை.

நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் வேற்றுமொழி பேசுகின்றனர். அவர்கள் தமிழைக் கேட்பது இரண்டே இடங்களில்: வீடு, இச்சங்கம். இங்கும் உயிரற்ற தொடர்களையே கேட்பராயின், தமிழ் என்பது விழாவுக்கு மட்டும் உடுத்தும் பட்டாடை என்றே எண்ணிவிடுவர். ஆகவே, அடுத்த ஆண்டு விழாவில் ஒவ்வொரு குழந்தையும் மனப்பாடம் செய்யாமல், தான் கண்ட ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசட்டும். பிழை நேர்ந்தால் திருத்திக் கொள்ளலாம். சொல் அக்குழந்தையின் சொல்லாக இருக்கட்டும்.