ஆட்டத் தாளும் ஆணிமுத்தும்



நமது கடற்கரையில் முத்தைத் தரம் பிரித்தவர்கள், வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் முதலில் அதைச் சலிப்பார்கள். பிறகு உருட்சியையும் ஒளியையும் நோக்குவார்கள். குறையற்றதற்கு ஆணிமுத்து என்று பெயர். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நான் சேர்ப்பவை முத்துகள் அல்ல, கால்பந்தாட்டத் தாள்கள். ஆயினும் எனக்கும் சில சல்லடைகள் உண்டு.

ஆட்டத் தாள் என்பது யாது? ஆட்டத்தன்று, ஆடுவோர் யார் யார் என்று பார்வையாளருக்கு அறிவிக்கும் அச்சுத் தாள். இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் அது ஓர் அட்டையாகத் தொடங்கியது. பின்னர்ச் சிறு புத்தகமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாட்டால் மீண்டும் ஒற்றைத் தாளாகச் சுருங்கியது. 1882-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் தாள் ஒன்று 2013-இல் இலண்டன் ஏலத்தில் 35,250 பவுனுக்கு விலைபோயிற்று.

நம் ஊர்களில் அத்தகைய புத்தகம் அரிது. நமக்கு வாய்த்தது நோட்டீசு. மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என மெல்லிய வண்ணத் தாளில், திருவிழாவையொட்டி நடைபெறும் சுழற்கோப்பைப் பந்தயத்தை அது அறிவிக்கும். கீழே விளம்பரங்கள்: உப்பு வணிகர், கப்பல் முகவர், தோணி உரிமையாளர், பனிக்கட்டி ஆலை, மக்ரூன் விற்கும் கடை. ஊர் எதனால் பிழைத்தது என்பதை அந்த நான்கு அங்குல இடமே சொல்லிவிடும்.

இனி என் சல்லடைகளைக் கூறுகிறேன். முதலாவது, ஆண்டு. "வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு" என்று மட்டும் அச்சிட்ட தாள், அந்த ஞாயிறு கழிந்தவுடன் ஊமையாகிவிடுகிறது. இரண்டாவது, பெயர். தலைமை தாங்குபவர், பரிசு வழங்குபவர், நன்றி கூறுபவர் ஆகியோர் பெரிய எழுத்தில் நிற்பார்கள். ஓடி ஆடிய பதினொருவருக்கு ஒரு வரியும் இராது! எத்துணை அழகிய அச்சாயினும் அதனை நான் கடைசித் தட்டிலேயே வைப்பேன். மூன்றாவது, முடிவு. யாரோ ஒரு பார்வையாளர் ஓரத்தில் பென்சிலால் "2-1" என்று குறித்து, கோல் அடித்தவரின் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்திருப்பார். கறைபடாத தாளுக்கே வணிகர் மிகுந்த விலை தருவர். எனக்கோ கறைபட்ட அந்தத் தாளே ஆணிமுத்து. அச்சிட்டவர் அறியாத செய்தியை அது அறிந்திருக்கிறதன்றோ?

பெயருக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்பீர்கள். 1911 சூலை 29-இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நூறாண்டு கடந்தும் அப்பதினொருவரின் பெயர்களையும் நாம் சொல்ல முடிகிறது. காரணம், அவை எழுதப்பட்டன. நம் கடற்கரையிலோ, விடியலில் வலை இழுத்து மாலையில் பந்தாடிய இளைஞர் பலர். படகுப் பதிவேட்டிலும் கடன் ஏட்டிலும் அவர்கள் பெயர் இருக்கும். ஆட்டக்காரர் என்ற முறையில் அவர்கள் பெயர் நிற்கக்கூடிய இடம் அந்த ஒற்றைத் தாள்தான். அதுவும் மீன் பொதியும் காகிதமாகிவிட்டால், அவர்கள் ஆடவே இல்லை என்றாகிவிடும்.

தாளைக் காப்பதும் எளிதன்று. உப்புக்காற்றில் கம்பிப் பின்கள் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். ஆகவே அவற்றை முதலில் அகற்றுக. ஒட்டுநாடா ஒட்டற்க, நாளடைவில் அது பழுத்துக் கறையாகும். மடிப்பை நீக்கி, வெள்ளைத் தாள்களுக்கிடையே தட்டையாக வைத்தல் போதும்.

இங்கிலாந்திலேயே 2018-இல், கீழ்ப்பிரிவுக் கழகங்கள் ஆட்டத் தாளை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. கைப்பேசியில் செய்தி வருகிறது, மறுநாள் மறைகிறது. ஆதலால் மாணவர்களே, உங்கள் பள்ளியில் அடுத்த பந்தயம் நடக்கும்போது ஒரு தாள் எழுதுங்கள். நாள், ஆண்டு, திடல், இரு அணியினரின் முழுப்பெயர்; அடியில் முடிவுக்கு ஒரு வெற்றிடம். ஆட்டம் முடிந்ததும் அவ்விடத்தை நிரப்பி, ஒரு படியை நூலகத்தில் சேருங்கள். தோற்ற அணியின் பெயர்களையும் விடாது எழுதுங்கள். அவர்களும் ஆடியவர்களே.