ஐயமும் அச்சமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அஹிம்சை பற்றிப் பேசுமாறு செயலர் பணித்தார். உணவிலும் தொழிலிலும் நாம் காக்கும் கொல்லாமை குறித்து இம்மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். கொல்லும் எண்ணமே இல்லாத எளிய மக்களையும் கொலைக்கு இட்டுச் செல்லும் வழி ஒன்று உண்டு. குற்றத்தைப் பற்றிய அச்சமே அது. நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலும் அதையடுத்த போளூர்ப் பகுதியிலும் அவ்வச்சம் செய்ததைச் சொல்ல விழைகிறேன்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வடமாநிலங்களிலிருந்து குழந்தை கடத்துவோர் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியுள்ளனர் என்றொரு செய்தி வாட்ஸ்அப் வழியே வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியது. குரல்பதிவும் படமும் சேர்ந்து வந்தமையால் ஐயுற்றவர்களும் நம்பினர். அந்நாளில் இந்தியாவெங்கும் சுற்றிய கடத்தல் காணொளி ஒன்றின் கதையைக் கேளுங்கள். கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதைப் பரப்பினார்கள். வதந்தியை நம்பவேண்டாம் எனக் காவல்துறை அறிவித்தும் பயனில்லை. அம்மாத இறுதியில் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இந்தி பேசிய ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றனர். அவர் செய்த குற்றம், தமிழ் அறியாமை.

மே 9ஆம் நாள் போளூரை அடுத்த அத்திமூரில் நேர்ந்தது இன்னும் நெஞ்சை அறுப்பது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம், மலேசியாவிலிருந்து வந்த உறவினரோடு, குலதெய்வ வழிபாட்டிற்காகக் காரில் வந்தது. வழி கேட்பதற்காக நிறுத்தினார்கள். காரிலிருந்த, அறுபதைக் கடந்த அம்மையார் அங்கு விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைக் கண்ட ஒருவர் குரலெழுப்ப, கூட்டம் கூடியது. அஞ்சி வண்டியை எடுத்துச் சென்றவர்களை அடுத்த ஊரில் மறித்துத் தாக்கினர். அந்த அம்மையார் உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அவர்கள் பேசியது தமிழ், வந்தது கோயிலுக்கு.

நம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் நம் பிள்ளைகள் திருமலைக்கும், ஆரணி, வந்தவாசிப் பக்கத்துப் பூர்வீக ஊர்களுக்கும் இதே சாலைகளில்தான் காரில் வருகிறார்கள். இதுபோலவே நிறுத்தி வழி கேட்கிறார்கள். நம் பாட்டிமார்கள் கைப்பையில் மிட்டாய் வைத்திருப்பவர்கள். மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி ஏதுமின்றி ஊர் ஊராய் நடக்கும் நம் முனிவர்களை எண்ணிப் பாருங்கள். முன்பின் அறியாதவரை வரவேற்கும் ஊர் இருப்பதால்தான் அவர்களது விஹாரம் நடக்கிறது.

அத்திமூர்ச் செய்தி வந்தபோது எனக்குக் கோவலன் நினைவே வந்தது. சமண அறத்தைக் காப்பியமாக்கிய இளங்கோவடிகள், கொலைக்களக் காதையில் கொலை எவ்வாறு உருவாகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் முகம் கள்வன் முகமன்று எனத் தயங்குகிறார்கள். உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனோ கள்வர் கையாளும் எண்வகை உபாயங்களைச் சாத்திரம்போல் விரித்துரைக்கிறான். உடனே இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான்: மழைக்கால நள்ளிரவில் வந்த திருடன் தன் கைவாளைப் பறித்துக்கொண்டு மறைந்த கதை. அக்கதைக்கும் முன்னே நிற்கும் கோவலனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் கேட்டவர் மனத்தில் அச்சம் ஏறிவிட்டது. களித்திருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிட்டான். விசாரணை என்னும் ஒன்று நடக்கவேயில்லை. நம் கைப்பேசியில் நாளும் வந்து சேரும் பழைய திருட்டுக் கதைகள் அந்த இளங்காவலனின் கதைகள்தாம். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்து நகைக்கடையில் சுவரைத் துளைத்துப் பதினைந்து கிலோ அளவில் தங்கம் திருடப்பட்டது. சிங்க முகமூடி அணிந்து, கண்காணிப்புக் கேமராக்களின் மேல் வண்ணப்பூச்சைத் தெளித்தான் திருடன். சில நாட்களில் காவல்துறை அவனைப் பிடித்து, ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைத்திருந்த நகைகளை மீட்டது. தடயம் தேடி, ஆளைக் கண்டு, வழக்குத் தொடுக்கும் முறை அது. காலணித் தொழிற்சாலையில் வேலை முடித்து, இருட்டியபின் நெடுஞ்சாலையோரம் கம்பெனி வண்டியை விட்டிறங்கும் பெண், தாலிச் சரட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டுதான் நடக்கிறாள். (தோல் நாம் கொள்கையால் விலகி நிற்கும் தொழில், ஆனால் அத்தொழிலால் வாழ்வோர் நம் அண்டை வீட்டார்.) அவளது அச்சத்தை எவரும் குறை சொல்லலாகாது. அதற்கு வேண்டியது தெருவிளக்கும் ரோந்தும். அவற்றைக் கேட்டு மனுக் கொடுப்பதும் அபயதானமே என்பேன். ஆகார, ஔஷத, சாஸ்திர தானங்களுக்குத் தாராளமாக வழங்கும் நாம், அபயதானத்தை ஆடு மாடுகளை மீட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் ஆகமங்கள் அச்சத்தை நோகஷாயங்களுள் ஒன்றாக எண்ணுகின்றன. ஏழுவகை அச்சங்களில் ஒன்று அகுப்தி பயம். மதிலும் பூட்டும் போதவில்லை என்னும் நடுக்கம். பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தர், நற்காட்சியுடையோர் ஐயமற்றவர், ஆதலால் அச்சமற்றவர் எனச் சமயசாரத்தில் உணர்த்துகிறார். அங்கே ஐயம் என்பது தத்துவத்தைப் பற்றியது, அறிவேன். இருப்பினும் ஐயத்தை முன்னும் அச்சத்தைப் பின்னும் வைத்த அந்த வரிசை, நம் தெருவுக்கும் பொருந்துகிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், காட்சி தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவின. இம்முறை அஞ்சியவர்கள் அவர்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. 2018இல் எவரைக் கண்டு இவ்வட்டாரம் நடுங்கியதோ, அந்த வடமாநிலத்தவர்தாம் நம்மைக் கண்டு நடுங்கினர்.

நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கடத்தல், கொள்ளை பற்றிய செய்தி எது வந்தாலும், உள்ளூர்க் காவல் நிலையத்தையோ, குழந்தை பற்றியதாயின் 1098 எண்ணையோ கேட்டுத் தெளியும்வரை எவரும் மேலனுப்பலாகாது. ஒளிப்படத்தோடு எவரையும் கள்வர் எனக் குறிக்கலாகாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய நான் ஆயத்தமாக இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.