பல்கலைக்கழகம் குளக்கட்டுக்கு வரவேண்டும்

(கிளிநொச்சியில் கமக்காரரும் ஆசிரியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை.)



ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்துள்ள மண்ணுக்கும் மக்களுக்கும் எவ்வகையிற் கடமைப்பட்டது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நம் தந்தையர் காலத்தில் வன்னியில் இக்கேள்வி எழ இடமிருக்கவில்லை. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், அது திருகோணமலையில் அமையவேண்டும் என்று 1950களிலும் 1960களிலும் அவர்கள் மேடைதோறும் முழங்கினார்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பெற்ற அதன் விவசாய பீடம் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் அறிவியல் நகருக்குத் திரும்பியது. பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அதே நகரில் அமைந்தன. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம், 1997இல் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் இயங்கிவருகின்றது.

ஆகவே, கட்டடம் வந்துவிட்டது. பேராசிரியர் வந்துவிட்டனர். நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் மாணவர் வந்துவிட்டனர். வளாகத்து வேலிக்கு உள்ளே பிறக்கும் அறிவு, வேலிக்கு வெளியே உள்ள வயலுக்கு எந்த வழியால் வருகின்றது? இதுவே நம் கேள்வி.

சமூகப் பணி, சூழல் பேணல் என்ற சொற்களை இன்று எல்லோரும் உச்சரிக்கின்றனர். ஆண்டுதோறும் யூன் 5ஆம் நாள் உலகச் சுற்றாடல் தினம் வருகின்றது. நாடெங்கும் நிறுவனங்கள் கன்று நடுகின்றன; படம் எடுக்கின்றன; படம் பத்திரிகையில் வருகின்றது. யூன் மாதம் வன்னியில் எந்த மாதம் என்பதை இங்கிருக்கும் கமக்காரர் அறிவர். வைகாசி, ஆனியின் காய்ச்சற் காற்றில் நட்ட கன்று ஆவணி காணுமா? இதனை உணர்ந்தே வடக்கு மாகாணசபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. உலகத்தின் நாட்காட்டியைப் பார்த்து நடுவதா, மாரியைப் பார்த்து நடுவதா? சிறிய கேள்விதான். ஆயினும் ஊரை அறிந்த கல்விக்கும் ஊரை அறியாத கல்விக்கும் உள்ள தூரம் அதில் அடங்கியிருக்கின்றது.

வன்னியில் சூழல் என்று ஒன்றைச் சொல்வதானால், அது குளம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் கீழ் நீர் நிற்கின்றது, தோண்டினால் கிணறு. வவுனியாப் பக்கத்திலோ நிலத்தின் கீழ் கடும்பாறை. அதன் மேலுள்ள உக்கிய படையிலும் பாறை வெடிப்புக்களிலுமே நீர் தங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைக் குளம் தேக்கிவைத்து, மெல்ல மெல்லக் கசியவிட்டு, அயற்கிணறுகளை ஊறச்செய்கின்றது. குளம் தூர்ந்தால் வயல் மட்டும் காய்வதில்லை; குடிக்கும் கிணறும் வற்றுகின்றது. மேலும், இக்குளங்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீர் கீழ்க்குளத்தை நிரப்புகின்றது. மேலே காடு வெட்டப்பட்டால் வண்டல் கீழே வந்து படிகின்றது. நாட்டின் வறண்ட வலயத்தின் இத்தொடர்குள முறைமையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலகின் விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. பெருமைப்படுவோம். ஆனால், உங்கள் ஊர்க் குளத்தில் எத்தனை அடி வண்டல் படிந்திருக்கின்றது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் யார்? கமக்காரர் மண்வெட்டியின் கணக்கில் ஒருவாறு சொல்வார். அளந்து சொல்லும் கருவி பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றது. இருவரும் ஒரே கட்டில் நின்று பேசும் நாள் எப்போது?

அடுத்தது, குடிநீர். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என ஒரு நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. வவுனியா மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. நீரின் கடினத்தன்மை என்பர் சிலர். புளோரைட்டு என்பர் சிலர். பூச்சிநாசினி என்பர் சிலர். வெயிலில் நீரின்றி உழைப்பதே காரணம் என்பாரும் உளர். விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. அதற்காக நாம் அவர்களைக் குறைகூறப்போவதில்லை. ஆராய்ச்சி அவசரத்துக்கு அடங்காது. ஆயின், ஒரு வீட்டுக் கிணற்றில் நீர் எடுத்துச் சென்றவர், அந்நீரில் என்ன இருந்தது என்பதை அவ்வீட்டுத் தாய்க்குத் தமிழில், ஒரு தாளில், எழுதிக் கொடுக்கவேண்டாமா? வெளிநாட்டு ஏட்டில் ஆங்கிலத்தில் அச்சேறும் அட்டவணையில் அக்கிணறு ஓர் இலக்கமாகும். அவ்வீட்டிலோ அதே நீரைத்தான் பிள்ளை குடிக்கின்றது. நீரைக் கொடுத்தவருக்கு அதன் முடிவை அறியும் உரிமை உண்டு. இதனை உதவியென்று கேட்கவில்லை, உரிமையென்றே கேட்கின்றோம்.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, கமக்காரர் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தார் தாகத்தால் தவிக்கட்டும் என்று எவரும் நினைக்கவில்லை. சிறுபோகத்துக்கே போதாத நீர் எவ்வாறு இரண்டு மாவட்டத்துக்குப் போதும் என்றே கேட்டனர். பிணக்கு நீண்டது, ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடியில் அந்நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அன்று பொறியியற் பீடம் கிளிநொச்சியில் காலூன்றிக்கொண்டிருந்த காலம். இன்று அவ்வாறில்லை. பத்தாண்டில் எத்தனை முறை குளம் நிரம்பிற்று, எத்தனை முறை சிறுபோகம் குறைக்கப்பட்டது, வாய்க்காலில் வீணாவது எவ்வளவு என்ற கணக்கை அரசியல்வாதியும் திணைக்களமும் சொன்னால் ஒரு பக்கம் நம்பும், மறுபக்கம் நம்பாது. இரு பக்கமும் நம்பத்தக்க நடுவர் ஒருவர் இம்மண்ணில் உண்டெனில் அது பல்கலைக்கழகமே. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய பின்னர், வான்கதவுகள் திறந்த நேரம்பற்றிச் சர்ச்சை எழுந்ததையும் நினைவிற்கொள்ளுங்கள். அத்தகைய இரவில் நம்பத்தக்க அளவு ஒன்று மக்கள் கையில் இருந்தால் வதந்திக்கு வேலை ஏது?

அறிஞர் பேசினால் அரசு கேட்குமா என்பீர்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டபோது, நாட்டின் விவசாயப் பேராசிரியர் பலர் எச்சரித்தனர். அரசு கேட்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டது. இழப்போ வயற்காரன் தலையில் விழுந்தது. அரசுக்கு மட்டும் சொல்லும் அறிவுக்கு ஏற்படும் கதி இது. கமக்காரனும் உடனிருந்து அறிந்திருந்தால் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு மக்கட்படை நின்றிருக்கும்.

இனிப் பிறநாட்டார் செய்ததைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கல்லூரிகளுக்கு நிலம் அளித்தது. (அந்நிலத்திற் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.) கல்லூரி எழுந்தது; அறிவு வயலுக்குப் போகவில்லை. 1914இல் இன்னொரு சட்டம் இயற்றினர். கல்லூரியின் அறிவை ஊருக்குக் கொண்டுசெல்லும் அலுவலரை அமர்த்துவதற்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் ஒதுக்கின. அன்றுமுதல் அது ஒருவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த காரியமாக இல்லாமல், சம்பளமும் கணக்கும் உள்ள கடமையாயிற்று. தமிழ்நாட்டிலே, திண்டுக்கல்லுக்கு அருகே சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்து, 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அங்கே மாணவர் கிராமத்திற் சென்று தங்கிப் பயில்வது பாடத்தின் பகுதி.

நம் சட்டத்திலும் வாசல் இல்லாமலில்லை. குளமும் வயலும்பற்றிய பழைய வழக்கங்களுக்கு உயிரூட்டவே 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் போகக் கூட்டத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இடமளிக்கின்றன. அக்கூட்டத்தில் விதைப்பு நாளும் நீர்விடும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்துக்கு அங்கே வாக்கு இல்லை, வேண்டியதும் இல்லை. ஒரு தாளை மேசைமேல் வைக்க எச்சட்டமும் தடையில்லை.

விரிவுரையாளரின் இடர்ப்பாட்டையும் நாம் அறிவோம். பதவியுயர்வுக்கு வெளிநாட்டு ஏட்டின் கட்டுரை எண்ணப்படுகின்றது. குளக்கட்டில் நின்ற நாள் அந்த அளவுக்கு எண்ணப்படுவதில்லை. அதை மாற்றும் பொறுப்பு மேலே உள்ளோரது. கமக்காரர்க்கும் ஒன்று சொல்லவேண்டும், கசந்தாலும் பொறுத்தருள்க. குளத்தின் ஒதுக்கு நிலத்தில் வேலி போடுவோர் வெளியூரார் மட்டும் அல்லர். வெறும் மருந்துப் போத்தலை வாய்க்காலில் எறிவோரும் நம்மவரே. அளக்க வருபவர் இவற்றையும் அளப்பர். அப்போது கதவைச் சாத்தக்கூடாது.

நாம் கேட்பன இவை. வருகின்ற காலபோகக் கூட்டத்துக்கு முன்னர் ஒரு குளத்தை, ஒரே ஒரு குளத்தையாவது, இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அளந்து, நீர், வண்டல், அயற்கிணறுகளின் நிலை ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். மாணவர் ஒரு போகம் முழுவதும் அவ்வூரில் தங்கி, விதைப்பு முதல் அறுவடை வரை பதிவு வைக்கவேண்டும். அப்பதிவின் ஒரு பிரதி கமநல சேவை நிலையத்திலும் ஒரு பிரதி ஊர்ப் பாடசாலையிலும் இருக்கவேண்டும். எந்தக் குளம் என்பதைக் கமக்காரர் அமைப்புக்களே தெரிவுசெய்யட்டும்.

இரு துணைவேந்தர்களுக்கும் அரசாங்க அதிபர்களுக்கும் அனுப்பவேண்டிய கடிதம் எழுதப்பட்டு, மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கின்றது. கமக்காரர் அமைப்புக்களின் தலைவர்களும் செயலாளர்களும் தம் பெயரோடு தம் குளத்தின் பெயரையும் எழுதிக் கையொப்பமிடும்படி கேட்டுக்கொள்கின்றோம்.