வீட்டு வளவிற் புதர் ரோசா

ரோசா என்றதும், நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பெருமலராய் நிற்பதே பலர் மனத்தில் தோன்றும். கண்காட்சி மேசைக்கு அது பொருந்தும். வீட்டு முற்றத்திற்கு அத்துணைப் பொருந்துவதன்று. அடியிலிருந்து பல கிளைகள் எழுந்து, கொத்துக் கொத்தாய்ப் பூத்து, வெயிலையும் ஓரளவு தாங்கி நிற்கும் புதர் ரோசாவே, நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் தோட்டத்திற்கு ஒதுக்கக்கூடிய குடும்பத்தாருக்கு ஏற்றது.

இவையெல்லாம் குளிர்நாட்டுச் செடிகள் என்று எண்ணுதல் தவறு. இந்து சமுத்திரத்திலுள்ள றீயூனியன் தீவிலே சீன ரோசாவும் டமாஸ்கஸ் ரோசாவும் வேலியாக நடப்பட்டிருந்தன. இரண்டும் தாமே கலந்து பிறந்த இனமொன்று 1817 ஆம் ஆண்டளவில் அங்கு கண்டறியப்பட்டது. அந்நாளில் அத்தீவின் பெயர் பூர்போன். அதுவே அவ்வினத்தின் பெயருமாயிற்று. தமிழ்நாட்டில் மாலைக்குப் பயிராகும் எட்வர்ட் ரோசா இவ்வழி வந்தது. இதனை ஒட்டவேண்டியதில்லை. பென்சிற் பருமனுள்ள தண்டை ஏழெட்டு அங்குல நீளத்தில் வெட்டி, மூன்றில் இரு பங்கு மண்ணுள் இருக்கும்படி நிழலில் ஊன்றினாற் போதும். சொந்த வேரில் நிற்கும் செடியாதலின், அடியிலிருந்து வரும் தளிரெல்லாம் அதே பூவைத் தரும்.

நுவரெலியா 6,000 அடிக்கு மேலுள்ள ஊர். அதன் அருகே, கொயினா மரத்திற்காக 1861 இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்கா இன்று ரோசாவுக்குப் பேர்பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையோ வேறு. அங்கே அடியிற் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்தது. ரோசா விரும்புவதோ சற்றே புளிப்பான மண். காரம் மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. அப்பொழுது இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். இதனைப் பசளைக் குறைவென்று கருதி யூரியாவை அள்ளி இடுவோர் பலர். நோய் ஒன்று, மருந்து வேறு! ஒன்றரை அடி ஆழக் குழியில் உக்கிய மாட்டெருவும் இலைமக்கும் கலந்து நட்டு, பூவரசங்குழையால் மூடிவைத்தலே நன்று. அடுப்புச் சாம்பலைச் செடியடியிற் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வாழைக்கு அது உதவலாம். சுண்ணாம்பு நிலத்து ரோசாவுக்கு ஆகாது.

முதிர்ந்த அடியிலைகள் கரும்புள்ளியுடன் மஞ்சளாகி உதிர்ந்தால், அது பூஞ்சண நோய். இலையில் ஏழு மணி நேரமளவு ஈரம் நின்றாலே அது பற்றிக்கொள்ளும். ஆகையால் மாலையில் இலைமேல் நீர் தெளியாது, காலையில் அடியில் ஊற்றவேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரியை யாரால் நிறுத்த முடியும்? அதற்கு முன்னரே புதரின் நடுவிலுள்ள நெருக்கமான கிளைகளை நீக்கிக் காற்றோட வழிசெய்தல் வேண்டும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடவும் வேண்டும்.

பெருங்கத்தரிப்பு மழை ஓய்ந்த சனவரியில். மிக முதிர்ந்த தண்டுகள் இரண்டொன்றை அடியோடு வெட்டி, ஏனையவற்றில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தாற் போதும். வெளிப்புறம் நோக்கிய மொட்டிற்குச் சற்று மேலே வெட்டு அமையவேண்டும். கத்திக்கு அஞ்சி வளரவிட்ட செடி, உயர்ந்து வெறும் முள்ளாகும்.

இனிக் கிணற்றைப் பற்றியது. முற்றத்திற்கு இட்ட யூரியா முழுவதும் செடிக்குச் செல்வதில்லை. எஞ்சியது நைத்திரேற்றாகி, மழையோடு சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே நிலத்தடி நீரை அடைகின்றது. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்குழந்தைகளுக்கே அதனால் இடர் மிகுதி. மிகுதி வயலிலிருந்து வருவது உண்மைதான். எனினும் பூவுக்காக அதனுடன் மேலும் சேர்ப்பானேன்? மாட்டெருவையும் அளவோடு, சிறிது சிறிதாகவே இடலாம். தளிரில் மொய்க்கும் அழுக்கணவன் பூச்சிக்கு நஞ்சு வேண்டா. காலையில் நீரை விசையாய் அடித்தால் உதிர்ந்துவிடும். வெயில் ஏறுமுன் இலையும் உலர்ந்துவிடும். நடும்போதே கிணற்றடியை விட்டு, நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் மூலையைத் தெரிந்துகொள்ளல் நலம்.